மரம் ஏறும் நான்கு வயதுப் பிள்ளை: கற்றலா, கவனக்குறைவா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். உங்கள் நான்கு வயது மகள் போகும் மழலையர் பள்ளியின் முற்றத்தில் வெட்டிப்போட்ட மரக்கட்டைகளும், தாழ்ந்த கிளைகளுள்ள ஒரு மரமும், ஒரு மண்மேடும் இருக்கின்றன. பிள்ளைகள் ஏறுகிறார்கள், உருளுகிறார்கள், கட்டிப்புரளுகிறார்கள். ஆசிரியை அருகில் நிற்கிறாரே தவிர யார் கையையும் பிடிப்பதில்லை. சென்ற வாரம் மகள் முழங்காலில் சிராய்ப்போடும் வீங்கிய உதட்டோடும் வீட்டுக்கு வந்தாள். விசாரித்தால், "இதுவும் கற்றல்தான்" என்று பதில் கிடைத்திருக்கிறது. கணவர் பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார். இது உண்மையிலேயே கற்றலா, அல்லது கவனக்குறைவுக்கு வைத்த அழகான பெயரா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. இப்படி விளையாடுவதால் பிள்ளை எதையாவது கற்கிறதா என்பது ஒன்று. அந்த முற்றத்தில் நிற்கும் பெரியவர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா, வெறுமனே நிற்கிறாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதுக்கும் பதில் சொன்னதாகப் பல பள்ளிகள் நினைத்துக்கொள்கின்றன. உங்களுக்குக் கிடைத்த பதிலும் அந்த ரகம்தான். நான் 19 ஆண்டுகள் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தவன். இப்போது அந்த வயதுக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். மருத்துவன் அல்ல, ஆய்வாளனும் அல்ல. ஆய்வுகளைப் படித்து, முற்றத்தில் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம்போக்கில் நடந்து விளையாடுவதை எண்ணிப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள். நடக்கப் பழகுவது என்பதே அவ்வளவு விழுவதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் அதற்கு முன்பு சரிவுப் பலகைகளை வைத்துச் செய்த சோதனை. தவழ்ந்து பழகிய குழந்தை செங்குத்தான சரிவின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. வாரக்கணக்கில் தவழ்ந்து அந்த மதிப்பீட்டைச் சம்பாதித்திருக்கிறது. அதே குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அதே சரிவில் யோசிக்காமல் காலை வைத்து விழுகிறது. தவழும்போது தெரிந்தது நடக்கும்போது தெரியவில்லை. முதலிலிருந்து மறுபடி கற்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. "எது என்னால் முடியும், எது முடியாது" என்ற கணக்கு உடம்போடு ஒட்டிய கணக்கு. உடம்பு புதிதாக ஒன்றைச் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். நன்றாக ஓடத் தெரிந்த நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏறும் கணக்கு தெரியாது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கும் கணக்கு தெரியாது. சொல்லிக் கொடுத்து இதை ஊட்ட முடியாது. தூக்கி வைத்தும் கொடுக்க முடியாது.

எங்கள் முற்றத்தில் சாய்ந்து கிடந்த ஒரு அடிமரம் இருந்தது. ஒரு முனை தரையில், மறுமுனை என் மார்பு உயரத்தில். நான்கரை வயதுப் பையன் ஒருவன் தினமும் அதன் அடியில் வந்து நிற்பான், மற்றவர்கள் ஏறுவதைப் பார்ப்பான், போய்விடுவான். ஒருநாள் அவனை அழைத்துப்போக வந்த தாத்தா, பாவம் பிள்ளை ஏங்குகிறானே என்று தூக்கி உச்சியில் உட்காரவைத்துவிட்டார். பையன் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பட்டையைப் பற்றிக்கொண்டான், நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு. கீழே இறக்கிய பிறகு பத்து நாட்கள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு மறுபடி வந்து, தாழ்ந்த முனையில் குப்புறப் படுத்து, வயிற்றால் ஊர்ந்து, ஒரு முழம் போய், அப்படியே பின்னால் சறுக்கி இறங்கினான். மறுநாள் இரண்டு முழம். எங்கே முடிச்சு இருக்கிறது, எங்கே பட்டை வழுக்குகிறது என்று அவன் வயிற்றுக்குத் தெரிந்துகொண்டே வந்தது. உச்சியை அவன் எட்ட ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. எட்டிய அன்று இறங்கும் வழி அவனுக்கு மனப்பாடம், ஏனென்றால் ஏறியதே அந்த வழியில்தான்.

அதனால் எங்களிடம் ஒரே ஒரு கறாரான விதி இருந்தது: யாரையும் ஏற்றிவிடக் கூடாது. தானாக ஏறாத பிள்ளைக்கு அந்த உயரம் இன்னும் சொந்தமாகவில்லை என்று அர்த்தம். "ஏறு, ஏறு, உன்னால் முடியும்" என்று உற்சாகப்படுத்துவதும் கையால் தூக்காமல் வாயால் தூக்குவதுதான். அதையும் நிறுத்தினோம். இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைச் சட்டென்று தூக்கி இறக்காமல், "இடது கால் எங்கே இருக்கிறது? அதற்குக் கீழே ஒரு கிளை தெரிகிறதா?" என்று கேட்போம். பயந்து அழுதால் தூக்கிவிடுவோம், அதில் வீம்பு எதற்கு. ஆனால் "பார்த்து! விழப்போகிறாய்!" என்று கீழிருந்து கத்துவதை மட்டும் அனுமதிப்பதில்லை. அந்தக் கத்தலில் பிள்ளைக்குப் பயன்படும் தகவல் ஒன்றும் இல்லை. கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் உங்கள் முகத்தைப் பார்க்கத் திரும்புகிறது, அவ்வளவுதான் பலன்.

நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் எலன் சாண்ட்சேட்டர் 2007இல் இந்த மாதிரி விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், வெட்டும் குத்தும் கருவிகள், நெருப்பு அல்லது ஆழமான நீர் போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, கண்ணில் படாமல் மறைந்து போவது. பெற்றோர் பெரும்பாலும் முதல் வகையைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். ஆசிரியர்களுக்குத் தலைவலி தருவது மல்லுக்கட்டு. உங்கள் மகளின் உதடு வீங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. உண்மையான சண்டைக்கும் விளையாட்டுச் சண்டைக்கும் வித்தியாசம் காண்பது பழகினால் எளிது. விளையாட்டில் முகம் தளர்ந்திருக்கும்; மேலே இருப்பவன் சற்று நேரத்தில் தானே கீழே விழுந்துகொடுப்பான்; பலசாலி தன் பலத்தைக் குறைத்துக்கொள்வான்; முடிந்ததும் இருவரும் சேர்ந்தே அடுத்த விளையாட்டுக்கு ஓடுவார்கள். சண்டையில் உதடு இறுகியிருக்கும், பார்வை குத்திட்டு நிற்கும், ஒருவன் தப்பிக்கப் பார்ப்பான், முடிந்ததும் ஆளுக்கொரு திசை. விளையாட்டில் தப்பித்தவறி ஒரு முழங்கை உதட்டில் பட்டால், அந்தக் கணத்தில் மற்றவன் முகத்தைப் படித்து நிறுத்தத் தெரிவது பெரிய பாடம். நிறுத்தத் தெரியாத பிள்ளையும் உண்டு. அங்கே பெரியவர் புக வேண்டும்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆகவே ஒரு வரி: சிறு ரம்பமோ கத்தியோ கொடுக்கும் பள்ளியாக இருந்தால், அந்த நேரத்தில் ஒரு பெரியவருக்கு ஓரிரு பிள்ளைகள்தான் இருக்க வேண்டும். மரத்தடி விளையாட்டுக்குப் பொருந்தும் தளர்வு அங்கே பொருந்தாது.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவையும் முடியாதவையும். இப்படி விளையாடும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பயமும் பதற்றமும் குறையும் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். 2011இல் சாண்ட்சேட்டரும் லீஃப் கென்னேரும் முன்வைத்தது ஒரு கருதுகோள்: பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்ப்பதன் மூலம் பிள்ளை அதைக் கடக்கிறது என்பது. நியாயமாகத்தான் படுகிறது. இதற்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது நியூசிலாந்தின் டனீடினில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைப் பற்றிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை. 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் விழுந்து காயம்பட்டவர்களிடம், 18 வயதில் உயரத்தைக் கண்டு பயப்படுவது குறைவாக இருந்தது. கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் இதைத் திருப்பியும் படிக்கலாம். இயல்பிலேயே பயமில்லாத பிள்ளைகள் அதிகம் ஏறி, அதிகம் விழுந்து, பெரியவர்களான பிறகும் பயமில்லாமல் இருந்திருக்கலாம். விழுந்ததால் பயம் போனதா, பயமில்லாததால் விழுந்தார்களா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஹெலன் டாட் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்விலும் துணிச்சலான விளையாட்டில் அதிக நேரம் கழித்த பிள்ளைகளுக்குப் பதற்றமும் சோர்வும் சற்றுக் குறைவாக இருந்தன. அதுவும் பெற்றோர் தந்த தகவல்களை வைத்து இரண்டும் சேர்ந்தே இருப்பதைக் காட்டியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவவில்லை. கனடாவில் மரியானா புருசோனி குழுவினர் 2015இல் 21 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து, உடல் இயக்கத்துக்கும் பழகும் திறனுக்கும் மொத்தத்தில் நன்மையே என்று முடித்தார்கள். கூடவே, இன்னும் நல்ல ஆய்வுகள் தேவை என்பதையும் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தில் 16 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனை, 2017இல் வெளிவந்தது. சில பள்ளிகளில் விளையாட்டிடத்தைச் சவால் மிகுந்ததாக மாற்றினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். மாற்றிய பள்ளிகளில் "என்னைத் தள்ளினார்கள், இடித்தார்கள்" என்று சொன்ன பிள்ளைகள் அதிகம். ஆனால் அதை ஆசிரியரிடம் கொண்டுபோன பிள்ளைகள் குறைவு. அதாவது உரசல் கூடியது, புகார் குறைந்தது. தாமே தீர்த்துக்கொண்டார்கள் என்று படிப்பவர்கள் உண்டு, நானும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறேன். சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகமும் கொஞ்சம் இருக்கிறது. தவிர, அவர்கள் உங்கள் மகளைவிடப் பெரிய பிள்ளைகள்.

வெளியில் இருப்பதால் மட்டுமே கிடைக்கும் பலன் ஒன்றுக்கு வலுவான சான்று உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளிநேரம் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 சதவீதம், கூட்டாத பள்ளிகளில் 39.5 சதவீதம். இந்தப் பலன் மரம் ஏறினாலும் கிடைக்கும், நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிடைக்கும். எனவே இதைக் காட்டி மரம் ஏறுவதை நியாயப்படுத்த முடியாது. "மூளை வளர்ச்சி" என்று விளம்பரப் பலகையில் எழுதும் பள்ளிகளை நான் நம்புவதில்லை. அதற்கு அவர்கள் காட்டும் சான்றைவிட பலகையின் வண்ணம் நன்றாக இருக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி, எனக்கு முக்கியமான கேள்வி. நான் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சவால், பொறி என்ற இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறேன். பிள்ளை தன் கண்ணால் பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று விலக முடிந்தால் அது சவால். பிள்ளைக்குத் தெரியவே வழியில்லாதது பொறி. கிளையின் உயரம் சவால். அந்தக் கிளை உள்ளே உளுத்திருப்பது பொறி. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2024 ஜனவரியில் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவர்களே சவாலான விளையாட்டை ஆதரித்து எழுதியதால் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சவாலைப் பிள்ளைக்கு விடலாம். பொறிகளைக் காலையில் பிள்ளைகள் வரும் முன்பே பெரியவர் தேடி அகற்றியிருக்க வேண்டும்.

பொறிகள் பெரும்பாலும் பார்க்கச் சாதுவானவை. கம்பிகளுக்கோ பலகைகளுக்கோ இடையே ஏறக்குறைய 9 சென்டிமீட்டருக்கு மேலும் 23 சென்டிமீட்டருக்குக் கீழும் இடைவெளி இருந்தால், சிறு பிள்ளையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், தலை நுழையாது, கழுத்தில் தொங்கும். சைக்கிள் தலைக்கவசத்தோடு மரமோ ஏணியோ ஏறினாலும் அதே கதை: உடம்பு நழுவும், கவசம் மாட்டிக்கொள்ளும், வார் கழுத்தை இறுக்கும். சட்டையில் தொங்கும் நாடாவும், கிளையில் யாரோ கட்டிவிட்டுப்போன கயிறும் இதே வகை. ஒரு வாளித் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கும். சறுக்கு மரத்தில் தனியாகப் போவதைவிட அம்மா மடியில் உட்கார்ந்து போவது பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் குழந்தையின் செருப்பு பக்கச் சுவரில் உராய்ந்து நிற்கும், பெரியவரின் எடை நிற்காமல் கீழே இழுக்கும், கணுக்காலுக்கு மேலே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கினால் அந்த வேகத்தை அதன் சொந்த எடையே கட்டுப்படுத்தியிருக்கும். கீழே ரப்பர் விரிப்பு இருக்கிறதே என்ற நிம்மதியும் அரைகுறை. அது தலைக்கு அடிபடுவதைக் கருதி அமைக்கப்பட்டது. ஊன்றிய கை முறிவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

என் தவறு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இராது. நாங்கள் தினமும் சோதித்த கட்டைதான், இடுப்பு உயரம்கூட இல்லை. நான் காலை எட்டு மணிக்கு மிதித்துப் பார்த்தபோது காய்ந்திருந்தது. பத்து மணிக்கு ஒரு தூறல் போட்டு நின்றது. பிள்ளைகள் மறுபடி வெளியே ஓடினார்கள், நான் மறுபடி மிதித்துப் பார்க்கவில்லை. அந்தக் கட்டையில் நூறு முறை நடந்த ஐந்து வயதுப் பெண் பிள்ளை வழுக்கி விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டாள். அவள் கணக்கு சரி, கட்டைதான் மாறியிருந்தது. அவள் பெற்றோரிடம் நான் "இதுவும் கற்றல்தான்" என்று சொல்லவில்லை. நான் சோதிக்கத் தவறினேன் என்று சொன்னேன். ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்ததும் அவளை அதே முற்றத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்திருந்தாலும் நான் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே பள்ளியை மாற்றும் முன் ஆசிரியையிடம் மறுபடி பேசுங்கள். தத்துவம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். விழுவதற்கு முன்னால் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அப்போது நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள்? அடுத்த நாள் எதையாவது மாற்றினீர்களா? பார்த்துக்கொண்டு நின்றவரிடமிருந்து இதற்குப் பொடிப்பொடியாக விவரம் வரும். "அவள் மூன்று நாளாக இரண்டாவது கிளையைத்தான் முயன்றுகொண்டிருந்தாள், வலது கால் எட்டவில்லை" என்கிற மாதிரி. வெறுமனே நின்றவரிடமிருந்து கற்றலைப் பற்றிய பொதுவான பேச்சு வரும். காயம்பட்ட அன்றே, நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வீங்கிய உதட்டை நீங்களே கண்டுபிடித்துக் கேட்க நேர்ந்தது எனக்கு நெருடுகிறது. காலையில் முற்றத்தைச் சுற்றிப் பார்ப்பது யார், காயங்களை எழுதிவைக்கும் ஏடு இருக்கிறதா, ஒரு பிள்ளைக்கு அடிபட்டு ஆசிரியை அதனிடம் போனால் மற்றவர்களைப் பார்ப்பது யார் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் பள்ளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதியதெல்லாம் பொதுவான உடல்நிலையுள்ள பிள்ளைகளுக்கு. எலும்பு எளிதில் முறியும் நோய், இரத்தம் உறையாத நோய், வலிப்பு போன்றவை இருந்தால் எதுவரை விடலாம் என்பதை அந்தப் பிள்ளையின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ இந்த மாதிரிப் பதில்களைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மகளிடமும் கேளுங்கள், ஆனால் "யார் தள்ளினார்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள், நான்கு வயதுப் பிள்ளை அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்துவிடும். ஒருநாள் அழைத்துவரப் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகப் போய், "உன் மரத்தைக் காட்டு" என்று சொல்லுங்கள். அவள் ஏறினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நில்லுங்கள், சிரமம்தான். அவள் ஏறிய இடத்திலிருந்து எப்படி இறங்குகிறாள் என்று பாருங்கள். காலால் துழாவி, கிளையைச் சோதித்து, வந்த வழியே இறங்கினாள் என்றால் அந்த முற்றத்தில் அவளுக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் உட்கார்ந்துகொண்டு கைகளை நீட்டினாள் என்றால், யாரோ அவளைத் தூக்கி வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். அது யார் என்று ஆசிரியையிடம் கேளுங்கள்.